மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான்: யார் கையால்?

"மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான்" என்பது நம் இல்லங்களிலும் ஆலயங்களிலும் அடிக்கடி ஒலிக்கும் பழமொழி. இறைப்பராமரிப்பைப் பற்றி மறையுரை ஆற்றும்போது நாமும் இதைப் பலமுறை எடுத்தாண்டிருக்கிறோம். இதில் பொய் ஏதுமில்லை. ஆனால் இதைச் சொல்பவர் யார், யாரிடம் சொல்கிறார் என்பதைப் பொறுத்தே இது நற்செய்தியாகவோ ஏமாற்றுரையாகவோ ஆகிறது.

சில ஆண்டுகளுக்கு முன், ஞாயிறு திருப்பலி முடிந்ததும் தையல் தொழில் செய்யும் தாய் ஒருவர் நம்மிடம் வந்தார். கணவர் நோயில் கிடந்தார். மருத்துவத்துக்கு வாங்கிய கடனுக்கு வாரந்தோறும் வட்டி கட்ட வேண்டியிருந்தது. அன்றைய நற்செய்தி வாசகமோ வானத்துப் பறவைகளைப் பற்றியது. "கவலைப்படாதீங்கம்மா, பறவைகளைக் காக்கிற ஆண்டவர் உங்களைக் கைவிட மாட்டார்" என்றோம். அவர் சினம் கொள்ளவில்லை. "பறவைக்குக் கந்துவட்டி கிடையாதே சாமி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அன்று நண்பகல் உணவு நமக்குத் தொண்டையில் இறங்கவில்லை.

மத்தேயு நற்செய்தியின் ஆறாம் அதிகாரத்தை மீண்டும் திறந்தோம். கவலைப்பட வேண்டாம் எனும் கட்டளை 25ஆம் வசனத்தில் தொடங்குகிறது. "ஆகையால்" எனும் பொருள்பட அது தொடங்குவதை எத்தனை முறை கவனியாது விட்டிருக்கிறோம்! அதற்கு முன்னர் ஆண்டவர் பேசியது மண்ணுலகில் செல்வம் சேர்ப்பதைப் பற்றியும், கடவுளுக்கும் செல்வத்துக்கும் ஒருசேர ஊழியம் செய்ய இயலாமை பற்றியுமே. லூக்காவிலோ இக்கட்டளை, களஞ்சியங்களை இடித்துப் பெரிதாகக் கட்ட எண்ணிய அறிவற்ற செல்வனின் உவமையை அடுத்தே வருகிறது. களஞ்சியத்தை விட்டுவிட்டுப் பறவையை மட்டும் போதிப்பது நற்செய்தியைப் பாதியாக வெட்டுவதாகும்.

அப்படியானால் ஏழைகளுக்கு இச்சொல் உரியதன்றோ? உரியதே. கலிலேயாவின் எளிய மக்களும் அதைக் கேட்டார்கள். ஆனால் அதைச் சொன்னவர் தலைசாய்க்க இடமற்றவராய், அவர்களோடு பசித்திருந்து, அவர்களுக்கு அப்பம் பகிர்ந்தளித்தவர். அன்றாட உணவைக் கேட்க அவர் கற்றுத்தந்த மன்றாட்டும் பன்மையிலேயே அமைந்திருக்கிறது. என் தட்டுக்கு மட்டும் வேண்டிக்கொள்ள அதில் இடமில்லை.

பாலைநிலத்தில் பொழிந்த மன்னாவும் இதையே கற்பிக்கிறது. மிகுதியாகச் சேகரித்தவருக்கு மீதி இருக்கவில்லை. குறைவாகச் சேகரித்தவருக்குக் குறைவுபடவில்லை. நாளைக்கென்று பதுக்கியது புழுத்து நாற்றமெடுத்தது. கடவுள் அனைவருக்கும் போதுமான அளவு தந்தார் என்பதே நம் நம்பிக்கை. ஓரிடத்தில் பற்றாக்குறை நிலவுமானால், வேறோரிடத்தில் ஏதோ புழுத்துக்கொண்டிருக்கிறது என்றே பொருள்.

தூரின் நகர அருள்பணியாளரான புனித யோசேப்பு கொத்தலெங்கோ (1786–1842) இதை உணர்ந்தவர். 1827 செப்டம்பரில், கணவரோடும் பிள்ளைகளோடும் பயணம் செய்துகொண்டிருந்த பிரெஞ்சுக் கர்ப்பிணி ஒருவர் அந்நகரில் நோயுற்றார். மருத்துவமனைகள் அவரைச் சேர்த்துக்கொள்ள மறுத்தன. கொத்தலெங்கோ அவருக்கு இறுதி அருளடையாளங்களை வழங்கினார். அந்தத் தாய் இறந்துபோனார். "எல்லாம் இறைவன் சித்தம்" என்று கணவருக்கு ஆறுதல் கூறிவிட்டு அவர் ஓய்ந்திருக்கலாம். அவரோ 1828 சனவரியில், எவரும் ஏற்காத நோயாளிகளுக்கென ஒருசில அறைகளில் படுக்கைகளை இட்டார். காலரா அச்சத்தால் 1831இல் அது மூடப்பட்டது. 1832இல் வால்தோக்கோ பகுதியில் மீண்டும் தொடங்கினார். அதற்கு அவர் இட்ட பெயர் "இறைப்பராமரிப்பின் சிறிய இல்லம்". இறைப்பராமரிப்பு அவருக்குக் கதவு திறந்த ஒரு வீடாயிற்று.

"அப்படியானால் சேமிப்பதே பாவமா சாமி?" என்று சிலர் வினவுவர். எகிப்தில் யோசேப்பு ஏழாண்டு விளைச்சலைச் சேமித்தார். பஞ்சம் வந்தபோது களஞ்சியங்களைத் திறந்தார். திறக்கும் நாளை எண்ணிச் சேர்ப்பது முன்மதி. எந்நாளும் திறவாதிருக்கச் சேர்ப்பதோ, கடவுளை நம்பாத கவலையே. அக்கவலைக்கு வங்கிப் புத்தகம் மருந்தாவதில்லை; தொகை ஏற ஏற அதுவும் ஏறுகிறது.

இதை இறைமக்களை நோக்கி மட்டும் கூறவில்லை. பங்கின் பெயரில் நிரந்தர வைப்புத் தொகை உண்டு. திருவிழாவின் மின்விளக்கு அலங்காரத்துக்கும் வாணவேடிக்கைக்கும் நன்கொடைச் சீட்டு அச்சிடுகிறோம். ஆலயக் கதவுக்கு எதிர்த் தெருவில் ஒரு தாய் வட்டிக்காரரின் மிதிவண்டி மணிக்கு அஞ்சிக் கதவைச் சாத்துகிறாள். உணவற்றவரிடம் "நலமே போய்ப் பசியாறுங்கள்" என வாயால் மட்டும் வாழ்த்துபவரைக் கடிந்துகொண்ட யாக்கோபு, நம் பங்குப் பேரவையில் அமர்ந்தால் என்ன சொல்வார்?

அந்தத் தாயின் வீட்டுக்கு அடுத்த வாரம் சென்றோம். எவ்வளவு கடன், எவ்வளவு வட்டி என்று கேட்டோம். வெட்கத்தோடுதான் கேட்டோம், முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. அவருடைய அன்பியத்தைச் சேர்ந்த குடும்பங்கள் கூடி முதலை அடைத்தன. அவர் வட்டியின்றிச் சிறுகச் சிறுகத் திருப்பித் தந்தார். கணவர் பிழைக்கவில்லை. அடக்கச் சடங்கின்போது அவர் நம்மிடம், "ஆண்டவர் கைவிடலை சாமி" என்றார். அதைச் சொல்லும் உரிமை அவருக்கு இருந்தது, நமக்கு இருந்ததில்லை.

மரம் வைத்தவர் தண்ணீர் ஊற்றத்தான் செய்கிறார். குடங்களை நம் கைகளில் தந்திருக்கிறார். அடுத்த முறை ஒருவரிடம் "கவலைப்படாதீர்கள்" என்று சொல்ல வாய் திறக்குமுன், நம் குடம் எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொள்வோம்.