விசிறியற்ற கணினியும் பொருந்தாக் குற்றச்சாட்டும்

விசிறியற்ற சிறு கணினிகளுக்கான குறைமின் செயலிகள் வேகத்தைப் பலிகொடுத்தே அமைதியை ஈட்டுகின்றன என வாதிடுவோர், 2008-இல் இன்டெல் வெளியிட்ட ஆட்டம் 230 செயலியைச் சான்று காட்டுவது பிழை. அச்செயலியின் வெப்ப வடிவமைப்பு அளவு, அதாவது கடும் வேலையின்போது குளிர்விப்பு அமைப்பு வெளியேற்ற வேண்டிய வெப்பம், 4 வாட் மட்டுமே. அதனுடன் இணைந்த 945ஜிசி சிப்செட், அதாவது நினைவகத்தையும் திரைக்காட்சியையும் கவனித்த துணைச்சில்லு, 22 வாட்டுக்கு மேல் கொண்டிருந்ததால், இன்டெல்லின் சொந்தத் தாய்ப்பலகையிலேயே விசிறி செயலியின் மீதன்றித் துணைச்சில்லின் மீதே சுழன்றது. அந்த இரைச்சலைச் செயலியின் தலையில் சுமத்துவது சிறிதும் நியாயமன்று.

ஆட்டம் மந்தமாக இயங்கியது மெய்யே. ஆயினும் கட்டளைகளை வந்த வரிசையிலேயே நிறைவேற்றிய அதன் எளிய கட்டமைப்பே அதற்குப் பெருங்காரணம் என்பதும், 2013-இல் வந்த சில்வர்மான்ட் கட்டமைப்பு, தயாராக உள்ள கட்டளையை முன்னதாக நிறைவேற்றும் முறைக்கு மாறியதும் அக்குறை பெரிதும் தணிந்தது என்பதும் இவ்வாதத்தில் இடம்பெறுவதே இல்லை. மேலும், செயலியின் இயங்குநிலை மின்செலவு கடிகார வேகத்தோடும் மின்னழுத்தத்தின் இருமடியோடும் சேர்ந்து உயர்வதால், வேகத்தைச் சற்றே குறைத்து மின்னழுத்தத்தையும் உடன் தாழ்த்தும்போது, இழக்கும் வேகத்தைவிட மிச்சமாகும் மின்சாரமே விகிதத்தில் மிகுதி. நான்கு செயற்கருக்களும் (கோர்) 6 வாட் வெப்ப வடிவமைப்பு அளவும் கொண்ட இன்டெல் என்100 செயலி, உலோகப் பெட்டியின் வழியாகவே வெப்பத்தை வெளியேற்றியபடி, அன்றாட அலுவலக வேலைகளைத் தடையின்றி நடத்துகிறது. மணிக்கணக்கில் காணொளி தொகுப்போருக்கு அது போதாது; அவர்களுக்காக அது உருவாக்கப்படவும் இல்லை.