தோட்டத்துச் சாளைக்கும் ஒரு கம்பி

சோமனூர் பக்கம் தெரிந்த குடும்பம் ஒன்று. அப்பா கூலிக்குத் தறி ஓட்டுகிறார், அம்மா பனியன் கம்பெனிக்குப் போகிறார், மகள் பிளஸ் டூ. போன மாதம் ஒரு சாயங்காலம் அங்கே போயிருந்தேன். சித்தப்பா கொடுத்த பழைய போனை ஒரு டம்ளரில் சாய்த்து வைத்து அந்தப் பெண் இயற்பியல் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தாள். நிறுத்துவாள், நோட்டில் படம் வரைவாள், மறுபடி ஓட விடுவாள். ஏழரைக்கு அப்பா சட்டையை மாட்டினார். அவர் வண்டி தெருவைத் தாண்டியதும் திரையில் வட்டம் சுற்ற ஆரம்பித்தது. நோட்டை மூடினாள்.

"அப்பா நைட் ஷிப்டுக்குப் போனா நெட்டும் கூடவே போயிருமுங்க" என்றாள்.

பழைய போனில் சிம் இல்லை. அம்மாவிடம் இருப்பது பட்டன் போன். அப்பாவின் ஹாட்ஸ்பாட்தான் அந்த வீட்டுக்கே இணையம். 2011இலிருந்து இந்த மாநிலம் பிள்ளைகளுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுத்துப் பழகியது. மடிக்கணினியைத் திறந்தால் வீட்டில் என்ன வரும் என்பதை நாம் அந்த அளவுக்குக் கேட்கவில்லை.

அப்பாவின் ரீசார்ஜ் சுமார் முந்நூறு ரூபாய். 28 நாள் கணக்கு என்பதால் வருஷத்துக்குப் பதின்மூன்று தடவை. 2016இல் ஜியோ வந்தபோது சரிந்த விலை, 2024 ஜூலையில் எல்லாத் தனியார் நிறுவனங்களும் சேர்ந்தாற்போல் ஏற்றியதில் மறுபடி மேலே போய்விட்டது. வீட்டுக்கே ஃபைபர் இழுத்தால் மாதம் நானூறு, ஐந்நூறில் தாராளமாக ஓடும். நான்கு பேர் பார்க்கலாம். ஆனால் விசாரிக்கப் போனால் மோடத்துக்கு டெபாசிட் என்பார்கள், ஆறு மாதப் பணத்தை மொத்தமாகக் கட்டினால் சலுகை என்பார்கள். சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை கூலி வாங்கி, அன்றைக்கே மளிகைக் கடையில் பாதியைக் கொடுத்துவிடுகிற வீட்டில் ஆறு மாதப் பணம் எங்கிருந்து வரும்? சலுகை கையில் காசு இருப்பவனுக்கே கிடைக்கிறது. போதாததற்கு 18 சதவீத ஜிஎஸ்டி. நானூறு ரூபாய்க்கு 72 ரூபாய் வரி. அந்தப் பெண் படிப்பதற்கு எதற்கு வரி என்று எனக்கு விளங்கவில்லை.

கம்பியே இல்லை என்று சொல்ல முடியாது. மத்திய அரசு 2011இல் ஒப்புதல் கொடுத்த திட்டம்தான் இன்றைக்கு பாரத்நெட். இங்கே அதை எடுத்துச் செய்ய டான்ஃபிநெட் என்று தனி நிறுவனமே இருக்கிறது. மாநிலத்தின் 12,525 கிராம ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழை கொண்டுபோகும் 1,815 கோடி ரூபாய்த் திட்டம் அது. 2020இல் டெண்டர் ரத்தாகி, மறுபடி விட்டு, காலம் ஓடியது. ஆனால் கம்பி ஊராட்சி அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தாலும் கொங்கு நாட்டில் பாதி வேலைதான் முடிந்ததாக அர்த்தம். இங்கே ஊர் ஒரே இடத்தில் இருப்பதில்லை. சுல்தான்பேட்டை, கிணத்துக்கடவு, ஆனைமலை என்று எந்தப் பக்கம் போனாலும் தோட்டத்துக்கு ஒரு சாளை. தென்னந்தோப்புக்குள் இட்டேரியில் ஒன்றிரண்டு கிலோமீட்டர் போனால்தான் அடுத்த வீடு. அந்தத் தோட்டத்தில் வேலை செய்கிறவர்களின் வீடுகளோ ஊர்க்கோடியில். நாலு வீட்டுக்காக அவ்வளவு தூரம் கம்பி இழுக்க லாபக்கணக்கு பார்க்கும் கம்பெனி வராது. கரண்டும் அப்படி லாபம் பார்த்து வந்திருந்தால் நம் கிணறுகளில் மோட்டார் ஓடியிருக்காது.

அந்தத் தூரத்தைக் கடந்து பழகியவர்கள் நம்மிடமே இருக்கிறார்கள்: கேபிள்காரர்கள். எந்தக் கம்பத்தில் அணில் கடிக்கும், எந்த வீட்டில் பணம் எப்போது வரும் என்று அவர்களுக்குத்தான் தெரியும். 2011இல் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய் என்று அரசாங்கம் விலை வைத்ததே, அது அவர்கள் இழுத்த கம்பியில்தான் ஓடியது. ஊராட்சி வரை வந்த இழையை அவர்கள் கையில் கொடுங்கள். அடிப்படை இணைப்புக்கு அதேபோல ஒரு விலையை அரசு வைக்கட்டும், வாரப் பணமாக வாங்கட்டும். வரியை விட ஜிஎஸ்டி கவுன்சில் மனசு வைக்க வேண்டும்.

வாளையாறு தாண்டினால் கேரளத்தில் 2023 ஜூனில் கே-ஃபோன் தொடங்கினார்கள். 20 லட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு இலவசம் என்பது இலக்கு. முதல் கட்டத்தில் எடுத்துக்கொண்டது 14,000 வீடுகளைத்தான். மெதுவாகத்தான் போகிறார்கள், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஏழை வீட்டுக்கு என்று ஒரு எண்ணிக்கையை எழுதி வைத்துவிட்டார்கள். நாம் இன்னும் ஊராட்சிகளைத்தான் எண்ணிக்கொண்டிருக்கிறோம், வீடுகளை எண்ணவில்லை.

ஊராட்சியால் என்ன முடியும் என்று கேட்பவர்களுக்கு மேட்டுப்பாளையம் அருகே ஓடந்துறையைச் சொல்வேன். 2006இல் வங்கிக் கடன் வாங்கி, சுமார் ஒன்றரைக் கோடி ரூபாயில் 350 கிலோவாட் காற்றாலையை உடுமலைப் பக்கம் மைவாடியில் நிறுத்தி, மின்வாரியத்துக்கே கரண்ட் விற்ற ஊராட்சி அது. காற்றாலை வாங்கிய ஊராட்சி உள்ள மாவட்டத்தில், வந்து நிற்கும் கம்பியைத் தோட்டத்துக்கு நீட்டுவது மலையைப் புரட்டும் வேலை இல்லை.

வருஷத்துக்கு ஆறு தடவை கிராம சபை கூடுகிறது. அடுத்த கூட்டத்துக்கு நீங்கள் போனால், ரோடு, தண்ணீர், தெருவிளக்கோடு இதையும் கேளுங்கள்: நம் ஊராட்சிக்கு ஃபைபர் வந்துவிட்டதா, வந்திருந்தால் எத்தனை வீட்டுக்குப் போயிருக்கிறது? பதிலைத் தீர்மான நோட்டில் எழுதச் சொல்லுங்கள்.