ஆணைக்கு முன் ஆயத்தம்

பள்ளிகளுக்கான திட்டங்கள் பல, அறிவிப்போடு நின்றுவிடுவதற்குப் பணப் பற்றாக்குறை மட்டுமே காரணமன்று. வகுப்பறையில் அவற்றைச் செயற்படுத்த வேண்டிய ஆசிரியரைக் கடைசியில் நினைப்பதும் ஒரு காரணமாகும்.

இதற்கு மாறாக நடந்தது தமிழகத்தின் செயல்வழிக் கற்றல். எம்.பி. விஜயகுமார் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்தபோது, 2003-இல், இம்முறை 13 மாநகராட்சிப் பள்ளிகளில் மட்டும் தொடங்கப்பட்டது. ஆந்திரத்தின் ரிஷிவேலியில் இதை ஆசிரியர்கள் நேரில் கண்டு பயின்றனர். பாடங்கள் சிறுசிறு அட்டைகளாயின. ஒவ்வொரு குழந்தையும் தன் வேகத்தில் முன்னேறக் கற்றல் ஏணி அமைந்தது. கரும்பலகை, குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்திற்கு இறங்கியது. பலன் கண்ட பின்னரே பிற மாநகராட்சிப் பள்ளிகளுக்கும், 2007-இல் மாநிலம் முழுவதற்கும் இம்முறை விரிந்தது. அவ்வாறு விரிந்தபோது, பயிற்சியும் அட்டைகளும் எங்கும் ஒரே தரத்தில் அமையவில்லை என்ற விமர்சனம் எழுந்ததையும் மறைப்பதற்கில்லை. தொடக்கத்தில் காட்டிய பொறுமை, விரிவாக்கத்திலும் தேவை என்பதே அது தரும் பாடம்.

தாயகப் பள்ளிகளுக்குக் கணினி அனுப்பும் புலம்பெயர் தமிழர்கள் இதைக் கருத்திற்கொள்ள வேண்டும். யார் கற்பிப்பார், பழுதானால் யார் சரிசெய்வார், மூன்றாம் ஆண்டுச் செலவை யார் ஏற்பார் என்னும் மூன்று கேள்விகளுக்கு விடை கண்ட பிறகே பணம் திரட்டுவது நன்று. சோதித்துப் பாராமல் ஒரு மென்பொருளை வெளியிடத் தயங்கும் கணினித் துறையினர், பிள்ளைகளின் கல்வியில் மட்டும் அவசரம் காட்டலாகாது. முதலில் ஒரு பள்ளி, ஓர் ஆண்டு. அடுத்த பள்ளியை அதன் ஆசிரியர்களைக் கேட்டபின் முடிவு செய்யலாம்.