பழைய வினாத்தாள் குறுக்குவழி அல்ல

பிப்ரவரி பிறந்தாலே பிளஸ் டூ மாணவர்களின் வாட்ஸ்அப்பில் வேதியியல் வினாத்தாள்கள் சுற்றத் தொடங்கிவிடும். கூடவே வீட்டிலும் பள்ளியிலும் ஒரு கண்டனம்: “புத்தகத்தைத் தொடாமல் பழைய கேள்வியை வைத்தே பாஸ் பண்ணப் பார்க்கிறார்கள்.” அக்கறையோடு சொல்லப்படுவதுதான். ஆனாலும் இது தவறு, பிள்ளைகளுக்குக் கெடுதலும்கூட.

பழைய தாள் மனப்பாடத்தை வளர்க்கிறது என்பது அவர்களின் வலுவான வாதம். வேதிவினை வேகவியலையே எடுத்துக்கொள்வோம். முதல் வகை வினை ஒன்று 60 நிமிடத்தில் 75 சதவீதம் முடிகிறது, அரைவாழ் காலம் என்ன என்பது ஒரு கேள்வி. 99.9 சதவீதம் முடிய, அரைவாழ் காலத்தைப் போல் ஏறத்தாழ பத்து மடங்கு நேரம் ஆகும் என நிறுவச் சொல்வது இன்னொன்று. ஒன்றை மட்டும் பார்த்தவள் விடையை உருப்போடக்கூடும். இரண்டையும் அருகருகே வைத்துப் போட்டுப் பார்த்தவளுக்கு விஷயம் பிடிபட்டுவிடும். ஒவ்வொரு அரைவாழ் காலத்திலும் மிச்சம் பாதியாகிறது. 75 சதவீதம் முடிந்தால் மிச்சம் கால் பங்கு. அதாவது இரண்டு அரைவாழ் காலம் கழிந்திருக்கிறது, ஒன்றுக்கு 30 நிமிடம். பத்து முறை பாதியாக்கினால் மிச்சம் 1024-இல் ஒரு பங்கு, அதாவது 0.1 சதவீதத்துக்குச் சற்றே குறைவு. பத்து மடங்கு எப்படி வந்தது என்று இனி யாரும் அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. எண்ணை மாற்றிக் கேட்டாலும் தடுமாற மாட்டாள்.

மனப்பாடத்தை வளர்ப்பது ‘இம்பார்ட்டன்ட் கொஸ்டின்ஸ்’ என்று வரும் பட்டியல். அது யாரோ ஒருவரின் ஊகம். முழு வினாத்தாள் நடந்த தேர்வின் சாட்சி. எழுத்துத் தேர்வுக்கு 70 மதிப்பெண், மூன்று மணி நேரம். இரண்டு மதிப்பெண் பகுதியில் 24-ஆம் கேள்வியும், மூன்று மதிப்பெண் பகுதியில் 33-ஆம் கேள்வியும் கட்டாயம். பெரும்பாலும் யோசித்து எழுத வேண்டியவை இவைதான். ஐந்து மதிப்பெண் கேள்விகளில் ‘அல்லது’ உண்டு. கடிகாரத்தை முன்னால் வைத்து ஒரு தாளை முழுவதும் எழுதிப் பார்க்காமல் இந்த நேரக் கணக்கு கைக்கு வராது. கண்டிப்பவர்கள் அந்தப் பட்டியலையும் முழு வினாத்தாளையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

பாடத்திட்டம் மாறிவிட்டதே, பழசு எதற்கு என்பார்கள். இதில் பாதி உண்மை உண்டு. இப்போதைய புத்தகத்துக்கு முதல் பொதுத்தேர்வு 2020 மார்ச்சில்தான் நடந்தது. அதற்கு முந்தைய தாள்களில் வரும் அணுக்கரு வேதியியலை இன்றைய மாணவர் தாண்டிப் போகலாம். நெர்ன்ஸ்ட் சமன்பாடும் கேனிசரோ வினையும் அன்றும் இருந்தன, இன்றும் இருக்கின்றன. எது வேண்டும், எது வேண்டாம் என்று குறித்துக் கொடுக்க ஓர் ஆசிரியருக்கு அரை மணி நேரம் போதும்.

பழைய தாளைப் பகிர்வதை ஏமாற்று வேலை என்பவர்களும் உண்டு. தேர்வுக்கு முன் தாள் கசிவது குற்றம். தேர்வு முடிந்த தாள் ஊர் அறிந்த பொதுச்சொத்து. இதற்கு மேல் அந்த வாதத்தில் பேச ஒன்றுமில்லை.

சுற்றுக்கு வரும் விடைக்குறிப்புகளில் பிழைகள் உண்டு என்பதை முழுமனதாக ஏற்கிறேன். 10-இன் அடுக்கு மைனஸ் 8 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் பிஎச் மதிப்பு 8 என்று ஒரு விடை வருகிறது என்று வையுங்கள். அமிலத்துக்கு எப்படி 7-க்கு மேல் வரும் என்று நாலு பேரில் ஒருவர் கேட்டால் போதும். தண்ணீரிலிருந்து வரும் ஹைட்ரஜன் அயனிகளைக் கணக்கில் சேர்க்கவில்லை என்பது வெளியாகும். சரியான விடை ஏறத்தாழ 6.98. தனியாகப் படிப்பவர் அந்த 8-ஐ அப்படியே தேர்வறைக்குக் கொண்டுபோவார். ஆக, பிழை உண்டு என்பது சேர்ந்து படிப்பதற்கான காரணமே ஒழிய, பகிராமல் இருப்பதற்கான காரணம் அல்ல.

கடைசி வாதத்தைப் பெற்றோர் சத்தமாகச் சொல்வதில்லை: “எல்லாருக்கும் கொடுத்தால் உன் சீட் போய்விடும்.” மாநில அளவில் ரேங்க் அறிவிப்பதை 2017-இலேயே நிறுத்திவிட்டார்கள். ஆனால் பொறியியல் கட்-ஆஃப் 200-இல் வேதியியலுக்கு 50 இருக்கிறது; போட்டியே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். இருந்தாலும், யாரிடமிருந்து இந்தத் தாள்களை ஒளிக்கிறோம்? நகரத்து ட்யூஷன் சென்டரில் பத்து வருடத் தாள்கள் பைண்டு போட்டுக் கிடைக்கின்றன. அவை கிடைக்காதது டவுன் பஸ் பிடித்து அரசுப் பள்ளிக்குப் போகும் பிள்ளைக்குத்தான். நம் கஞ்சத்தனம் போய்த் தாக்குவது அந்தப் பிள்ளையை.

ஆகவே மாணவர்களே, தாராளமாக அனுப்புங்கள். துண்டு துண்டாக வேண்டாம். ஆண்டும் மாதமும் தெரியும்படி முழுத் தாளாக அனுப்புங்கள். விடைகளைத் தனியே வையுங்கள், முதலில் எழுதிப் பார்க்கட்டும். ஆசிரியர்கள், இந்த மார்ச் தேர்வு முடிந்ததும் தாளில் ஒரு படியைப் பள்ளி நூலகத்தில் சேர்த்துவிடுங்கள்.