கைப்பேசியின் அகமும் புறமும்

ஒரு பொருளைப் பயன்கொள்வோர் பலர். அதன் இயல்பை அறிந்து பயன்கொள்வோர் சிலர். காலையில் கண்விழிப்பது முதல் இரவில் கண்ணயர்வது வரை கைப்பேசியைக் கைவிடாதோரும், அதனுள் இருப்பது யாது என வினவினால் வாய் திறவார். புறத்தின் பொலிவையும் விலையையும் அறிந்து, அகத்தை அறியாதிருத்தல் அறிவுடைமை ஆகுமா? ஆகாது. கைப்பேசியின் உள்ளுறுப்புகளை ஓரளவேனும் அறிதல் இக்காலத்து மாணவர் ஒவ்வொருவர்க்கும் உரிய கடமையாகும்.

பின்மூடியை நீக்கினால் பெரும்பகுதி இடத்தைக் கொண்டு விளங்குவது மின்கலம். மின்னூட்டும்போது லித்தியம் அயனிகள் அதன் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் செல்கின்றன, பயன்படுத்தும்போது மீள்கின்றன. இவ்வகை மின்கலம் 1991-இல் விற்பனைக்கு வந்தது. இதற்கு அடிகோலிய குட்இனஃப், விட்டிங்காம், யோஷினோ என்னும் அறிஞர் மூவர்க்கும் 2019-இல் நோபல் பரிசு வழங்கப்பெற்றது.

மின்கலத்தை அடுத்து அமைந்தது தாய்ப்பலகை. அதன்மேல் பொருந்திய நுண்செயலியே கைப்பேசியின் மூளை. 1971-இல் வெளிவந்த இன்டெல் 4004 என்னும் நுண்செயலியில் 2,300 டிரான்சிஸ்டர்கள் இருந்தன. 2023-இல் வெளிவந்த ஐபோன் 15 புரோவின் சில்லில் 1,900 கோடி டிரான்சிஸ்டர்கள் உள்ளன. மூளைக்குத் துணையாக நினைவகங்கள் இரண்டு உண்டு. ஒன்று கரும்பலகை போன்றது. மின்னோட்டம் நின்றதும் எழுதியது அழியும். மற்றொன்று ஏடு போன்றது. எழுதியதைக் காத்து வைக்கும்.

கைப்பேசிக்குப் புலன்களும் உண்டு. ஒளிப்படக் கருவியின் உணரி ஒளியை மின்குறியாக மாற்றுகிறது. திரையில் கண்ணுக்குப் புலனாகாத மின்கடத்திப் படலம் உண்டு. விரல் தொட்ட இடத்தில் மின்தேக்கத்தின் அளவு மாறுகிறது. அம்மாற்றத்தைக் கொண்டு தொட்ட இடம் அறியப்படுகிறது. மரக்குச்சியால் தொட்டால் திரை இணங்காமை இதனாலேயே. கைப்பேசியைக் கிடையாகத் திருப்பியதும் படமும் உடன் திரும்புவது எவ்வாறு? சிலிக்கனால் ஆகிய மிக நுண்ணிய எடை ஒன்று உள்ளே மெல்லிய தாங்கிகளில் நிற்கிறது. புவியீர்ப்புக்கேற்ப அது சிறிதே இடம்பெயர, கைப்பேசி தன் நிலையை உணர்கிறது.

“சோறு உண்பார் உழவு கற்க வேண்டுமோ?” என்று சிலர் கேட்பர். ஏர் பிடிக்கக் கற்க வேண்டா; ஆயினும், நெல் மரத்தில் காய்ப்பதென எண்ணுவானை ஊரார் நகையாரோ? நகைப்போடு ஒழிந்தால் தீங்கில்லை. அறியாமை பொருளிழப்பிலும் முடிகிறது. மின்னூட்டம் விரைவில் தீர்ந்துவிடுகிறது எனக் கண்டதும், கைப்பேசியே கெட்டதெனக் கருதிப் புதியது வாங்குகிறான் அறியாதவன். நலிந்தது மின்கலம் ஒன்றே என அறிந்தவன் அதனை மட்டும் மாற்றிக்கொள்கிறான். வெப்பம் மின்கலத்தின் ஆயுளைக் குறைக்கும் என்பதை அறிந்தவன், மின்னூட்டும்போது அதனைத் தலையணையின் கீழ் வையான்.

ஒருவனுடைய பொருளிழப்போடு இது நிற்பதன்று. 2022-ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் 6 கோடியே 20 லட்சம் டன் மின்னணுக் கழிவு சேர்ந்தது. அதில் முறையாகத் திரட்டி மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது நான்கில் ஒரு பங்கினும் குறைவு. மின்கலத்திற்கு வேண்டிய கோபால்ட்டில் பாதிக்கு மேற்பட்டது காங்கோ சனநாயகக் குடியரசின் மண்ணில் தோண்டப்படுகிறது. அங்குள்ள சிறு சுரங்கங்களில் சிறுவரும் உழைத்தமையை ஆம்னஸ்டி இன்டர்நேஷனல் 2016-இல் வெளியிட்ட அறிக்கை எடுத்துரைத்தது. நூல் பிடிக்க வேண்டிய கைகள் மண் சுமந்து ஈட்டிய பொருளை ஈராண்டில் எறிந்துவிடுதல் அறமாகுமா?

பொறுப்பு வாங்குவோர்க்கு மட்டும் உரியதன்று; செய்து விற்போர்க்கும் உண்டு. முன்னாளில் மின்கலத்தை நகத்தால் நெம்பி எடுக்கலாம். இன்றோ, பல கைப்பேசிகளில் அது பசையிட்டு ஒட்டப்பட்டுள்ளது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 சூன் முதல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, ஒரு கைப்பேசி வகையின் விற்பனை நின்ற பின்னரும் 7 ஆண்டுகள் அதற்குரிய இன்றியமையா உதிரி உறுப்புகள் கிடைக்கச் செய்தல் வேண்டும். இத்தகைய விதி எல்லா நாடுகளிலும் வருதல் நன்று. மக்கள் அதனைக் கேட்டுப் பெறுதல் வேண்டும். உள்ளே இருப்பதை அறியாதவர், எதனைக் கேட்பர்?

அறியும் ஆர்வத்தால் கைப்பேசியை வீட்டில் நெம்பித் திறத்தல் கூடாது. மின்கலம் துளைபட்டால் தீப்பற்றும், நச்சுப்புகையும் எழும். பழுதுற்றுப் பயனற்ற கைப்பேசி ஒன்றை வாங்கி, தேர்ந்த தொழிலாளர் ஒருவரைக் கொண்டு மின்கலத்தை அகற்றி, அறிவியற்கூடத்தில் ஆசிரியர் விளக்கிக் காட்டுதல் தக்கது. தவளையின் உள்ளுறுப்புகளைப் படத்தில் பார்த்துப் பெயர் எழுதும் மாணவர், தம் கையிலேயே இருக்கும் கருவியின் உறுப்புகளையும் பெயர் சொல்லி அறிதல் வேண்டும். அதற்கு ஒரு நாழிகைப் பொழுது போதும்.