வெட்டலாமா என்று படத்திடம் கேட்போம்

கரவெட்டியில் எங்கள் அயலவர் ஒருவருக்கு வலி எதுவுமின்றிச் செங்கண்மாரி கண்டது. கணையத் தலையில் புற்றுநோய்க் கட்டி என்றார்கள். கனடாவிலிருந்து மகன் கேட்டது ஒரே கேள்வி: "எப்போது ஒப்பரேசன்?" சி.ரி. ஸ்கான் பார்த்த வைத்தியர்கள் சத்திரசிகிச்சை இயலாது என்றதும், காணியை விற்றாவது சென்னைக்குக் கொண்டுபோவதென வீட்டார் முடிவெடுத்துவிட்டனர்.

அந்தப் படம் எதைச் சொல்கிறது என்பதை நம்மவர் அறிந்திருந்தால் இத்தகைய அவதிகள் குறையும் என்பது என் கருத்து.

கணையத்தை ஒட்டியே குடலுக்கும் ஈரலுக்கும் செல்லும் பெரிய குருதிக் குழாய்கள் ஓடுகின்றன. கட்டி எவ்வளவு பெரிது என்பதைவிட, அது இக்குழாய்களை எவ்வளவு சுற்றிப் பிடித்திருக்கிறது என்பதே முக்கியம். குடலுக்குச் செல்லும் பிரதான நாடியை 180 பாகைக்கு மேல் பற்றியிருந்தால் பொதுவாகக் கத்தி வைப்பதில்லை. அதற்குக் குறைவெனில் எல்லைக்கோட்டு நிலை. முதலில் கீமோ கொடுத்து, மீண்டும் படமெடுத்துத் தீர்மானிப்பர். ஈரலுக்குப் பரவியிருந்தால் சத்திரசிகிச்சை பெரும்பாலும் பயன் தராது. நோய் கண்டறியப்படும் வேளையில் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கே கட்டியை அகற்றும் வாய்ப்பு இருக்கிறது.

இதற்குச் சாதாரண வயிற்று ஸ்கான் போதாது. நாளத்தில் மருந்து ஏற்றி, சுமார் 45 வினாடியில் ஒரு முறையும் 70 வினாடியில் மறுமுறையும் மெல்லிய வெட்டுகளாகப் படம் எடுக்கவேண்டும். பித்தக்கானில் குழாய் வைப்பதற்கு முன்னரே எடுப்பது நல்லது. பின்னர் எடுத்தால் தெளிவு குறையும். அப்போதும் ஈரலிலும் வயிற்றறைச் சவ்விலும் உள்ள மிகச் சிறிய பரவல்கள் படத்துக்குத் தப்பலாம்.

ஆகவே, நோயாளியை அலைக்கழிக்குமுன் படங்கள் அடங்கிய இறுவட்டை அனுப்புங்கள். அறிக்கைத் தாள் மட்டும் போதாது. இரண்டாம் அபிப்பிராயம் கேட்பது உரிமை. பயனற்றுத் திறக்கப்பட்ட வயிறோ, எஞ்சிய நாட்களைத் தின்றுவிடும்.

சத்திரசிகிச்சை இல்லை என்பது கைவிட்டதாகாது. கீமோ உண்டு, செங்கண்மாரியைத் தணிக்கும் குழாய் உண்டு, வலி நிவாரணம் உண்டு. 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்து தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்கு நிதி சேர்த்தார்களே, சிகிச்சை நமது வாசலுக்கு வரவேண்டும் என்பதற்காகத்தானே?

அயலவரின் இறுவட்டு மட்டும் சென்னைக்குப் போனது. அங்கிருந்தும் அதே பதில். காணி தப்பியது. மகன் விமானமேறி வந்து, தகப்பனின் கடைசி ஆறு வாரங்களும் அவர் அருகிலேயே இருந்தார்.