'கண்ணை மட்டும் விட்டுட்டு தோலை உரிங்க சார்!' - பிரம்புக்கு லைசென்ஸ் கொடுக்கும் பெற்றோர்

சேலம்: பள்ளியில் பிள்ளையைச் சேர்க்கும்போது வாத்தியாரிடம் அப்பாக்கள் சொல்லும் ஒரு வரி, சேலம், நாமக்கல் பக்கம் இன்னும் வழக்கொழியவில்லை. "கண்ணு ரெண்டை மட்டும் விட்டுட்டு தோலை உரிச்சிடுங்க சார்." பட்டறைத் தொழிலாளியும் சொல்கிறார், லாரி ஓனரும் சொல்கிறார்.

மாணவர்களை அடிக்கக் கூடாது என்று தமிழக கல்வி விதிகளில் 51வது விதி திருத்தப்பட்டது 2003ல். 2010 ஏப்ரலில் அமலுக்கு வந்த கட்டாயக் கல்விச் சட்டத்தின் 17வது பிரிவு, அடியோடு சேர்த்து மனதளவில் துன்புறுத்துவதையும் தடை செய்தது.

தடை போட்டால் அடி நின்றுவிடுமா? 2007ல் மத்திய அரசு வெளியிட்ட ஆய்வில், 13 மாநிலக் குழந்தைகளில் மூன்றில் இரண்டு பேர் அடி, உதைக்கு ஆளானவர்கள் என்று தெரியவந்தது. அந்த 13ல் தமிழகம் இல்லை. அதற்காக நாம் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ள முடியாது. தேசிய குழந்தைகள் உரிமை பாதுகாப்பு ஆணையம் 2009-10ல் 7 மாநிலங்களில் 6,632 மாணவர்களிடம் விசாரித்தது. எந்தத் தண்டனையும் வாங்கியதில்லை என்று சொன்னவர்கள் எத்தனை பேர் தெரியுமா? வெறும் 9 பேர்!

வீட்டில் இன்னொரு அடி

2007 ஆய்வில் இன்னொரு கணக்கும் உண்டு. குடும்பத்துக்குள் அடி வாங்கிய பிள்ளைகளில் 88.6 சதவீதம் பேரை அடித்தது பெற்ற அப்பா, அம்மாதான். 'வாத்தியார் அடிச்சிட்டார்' என்று வீட்டில் போய்ச் சொன்னால், 'நீ என்ன பண்ணினே?' என்று இன்னொன்று விழும். அப்புறம் எந்தப் பிள்ளை வாயைத் திறக்கும்?

நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு பக்கம் சிக்கல் இன்னும் பெரிசு. முட்டைக்கு அடுத்து இந்த ஊர்களுக்குப் பேர் வாங்கித் தந்தவை விடுதிப் பள்ளிகள். 'பிராய்லர் பள்ளி' என்ற கிண்டலும் அப்படி வந்ததுதான். மாநில ரேங்க் அறிவிப்பு 2017ல் ஒழிந்தது. ரேங்க் போன இடத்தில் 'நீட்' வந்து உட்கார்ந்துகொண்டது. மார்க்குக்காக கடன் வாங்கி பீஸ் கட்டிய பெற்றோருக்கு, கண்டிப்புதான் அந்தப் பள்ளியின் தரம்.

இதில் ஒரு ஓட்டையும் இருக்கிறது. கட்டாயக் கல்விச் சட்டம் 6 முதல் 14 வயது வரைக்குத்தான். விடுதியை நிரப்பும் பிளஸ் 1, பிளஸ் 2 பிள்ளைகள் அந்த வயதைத் தாண்டியவர்கள். இவர்களுக்குக் கைகொடுப்பது 2015ம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம். பொறுப்பில் இருப்பவரே 18 வயதுக்குட்பட்டவரைத் தாக்கினால், 75வது பிரிவில் 3 ஆண்டு வரை ஜெயில்.

வீட்டில் விழும் சாதாரண அடிக்கோ இங்கே நேரடித் தடைச் சட்டம் கிடையாது. சுவீடன் 1979லேயே தடுத்துவிட்டது. பக்கத்து நாடான நேபாளமும் 2018ல் தடை கொண்டுவந்தது.

சென்னை ஐகோர்ட்டு உத்தரவைத் தொடர்ந்து 2024ல் பள்ளிக்கல்வித்துறை, ஆணையத்தின் வழிகாட்டு நெறிமுறைகளைப் பள்ளிகளில் அமல்படுத்தச் சொன்னது. பள்ளிதோறும் கண்காணிப்புக் குழு. தலைமை ஆசிரியர், ஆசிரியர், மூத்த மாணவரோடு பெற்றோருக்கும் அதில் இடம். 'தோலை உரிங்க' என்று சொன்ன அப்பாவே அதில் உட்கார்ந்தாலும் ஆச்சரியமில்லை!

புகார் சொல்ல 1098, 14417 என்று இரண்டு இலவச எண்கள் இருக்கின்றன. ஆனால் பல விடுதிகளில் பிள்ளைகள் கையில் செல்போன் கிடையாது. பேச வேண்டுமானால் வார்டன் அறைக்குத்தான் போகணும்.